சொல்லியாச்சு

ஜெயசித்ராவின் நிறுவனத்துக்குப் பெயர் ‘சொல்லியாச்சு’. நிறுவனம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரிக் கேன்டீனில் ஜன்னலோர மேசை ஒன்று, கூட்டாளி அப்ராவின் மடிக்கணினி ஒன்று, அதன் சார்ஜர் வயரில் மூன்று சுற்று இன்சுலேஷன் டேப். மொத்த ஆஸ்தி அவ்வளவுதான். இரண்டு பேரும் சங்கரன்கோவிலில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார்கள். அப்ரா கடையநல்லூரிலிருந்து தினமும் வந்து போகிறவள்.

நிறுவனத்தின் தொழில், சாவுச் சேதி சொல்வது.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர் இந்தப் பக்கத்துக்காரராக இருக்க முடியாது. இங்கே கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மேலுக்குச் சுகமில்லை என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகாவிட்டால் தீர்ந்தது கதை. துட்டி வீட்டில் யார் மாலையோடு வந்தார், யார் வரவேயில்லை என்பதை, தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறவர்கள் ராகம் தப்பாமல் கவனித்துக்கொள்வார்கள். அப்புறம் முப்பது வருசம் பேச்சுவார்த்தை கிடையாது. வராதவனுக்குத் தப்பிக்க ஒரே ஒரு சந்துதான் உண்டு. “எனக்குச் சேதி வரலையே” என்று சொல்ல வேண்டும். அந்தச் சந்தைத்தான் ஜெயசித்ரா அடைக்கப் போனாள்.

செயலி இப்படி வேலை செய்யும். சாவு விழுந்த வீட்டுக்காரர் பெயர், ஊர், எடுக்கும் நேரம், எந்த பஸ்ஸில் வரலாம் எல்லாம் போட்டால் சொந்தக்காரர்கள் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அடிக்கும். யார் திறந்து பார்த்தாலும், ‘பார்த்துவிட்டார், காலை 9.42’ என்று துட்டி வீட்டுப் போனில் பச்சையில் வந்து நிற்கும். சேதி வரலை என்று ஒரு பயல் சொல்ல முடியாது.

“எங்க ஊர்ல மௌத்துன்னா பள்ளிவாசல் மைக்குல சொல்லிருவாங்க. கேக்கலன்னு யாரு சொல்ல முடியும்? நீங்கதான் பாவம்” என்று சொல்லிக்கொண்டே அப்ரா கோட் எழுதிக் கொடுத்தாள்.

ஜெயசித்ராவுக்கு இதில் சொந்தக் காரியம் ஒன்று இருந்தது. அவள் அப்பா பேச்சிராஜா ஊருக்குள் நாலு விசைத்தறி ஓட்டுகிறார். திருவேங்கடத்தில் கரிசல் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிற சிவனாண்டி, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். ஒன்பது வருசத்துக்கு முன்னால் பெரியம்மா திடீரென்று நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தாள். பெரியப்பா போன் போட்டார். அப்பாவோ தறிக்கூடத்தில் இருந்தார். நாலு தறியும் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் வேட்டுப் போட்டாலும் கேட்காது, போன் எங்கே கேட்கும்? சாயங்காலம் போனைப் பார்த்தபோது பெரியம்மாவை எடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. “அடக்கத்துக்கு வராதவன் கருமாதிக்கு வர வேண்டாம்” என்று பெரியப்பா சொல்லியனுப்பினார். அதோடு சரி.

ஜெயசித்ரா பெரியவளானபோது அப்பா சடங்குப் பத்திரிகையை நேரில் கொண்டுபோய் வைக்காமல் தபாலில் போட்டார். பெரியப்பா வரவில்லை. தபாலில் வந்த பத்திரிகை வராத பத்திரிகை என்பது அவர் கணக்கு. பொது விசேஷங்களில் அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் உட்கார மாட்டார்கள். சாம்பார் வாளி அண்ணன் பக்கம் வந்தால் தம்பி ரசத்துக்குப் போய்விடுவார்.

இப்போது பெரியப்பா மகள் அனுவுக்கு ஆவணியில் கல்யாணம். பெண்டாட்டியை இழந்தவர் மகளைத் தாரை வார்க்க மணையில் உட்காரக் கூடாது. கூடப்பிறந்த தம்பி சம்சாரத்தோடு உட்கார்ந்து வார்த்துக் கொடுக்க வேண்டும். தம்பியோடு பேச்சே இல்லாதபோது எப்படிக் கூப்பிட?

“சிவகிரியிலேர்ந்து ஒண்ணுவிட்ட சித்தப்பா ஒருத்தர உக்கார வைக்கப் போறாகளாம்” என்று அனு போனில் அழுதாள். அக்காவும் தங்கையும் மட்டும் யாருக்கும் தெரியாமல் பேசிக்கொள்வார்கள். “அந்தாளு எம்பேரு அனிதான்னு நெனச்சிக்கிட்டு இருக்காருட்டி.”

அப்பா மேல் குற்றமில்லை, குற்றம் போன் மேல், தறி மேல் என்பதை நாலு பேர் முன்னால் நிரூபித்துவிட்டால் போதும், இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள் என்று ஜெயசித்ரா நம்பினாள். மற்றவர்கள் பணம் சம்பாதிக்கத் தொழில் தொடங்குவார்கள். இவள் சித்தப்பன் ஸ்தானத்தில் ஒருவரை உட்கார வைக்கத் தொடங்கினாள்.

செயலியை மூன்று மாதம் சோதனைக்கு விட்டார்கள். இருநூற்றுப் பதினாலு பேர் சேர்ந்தார்கள், பத்தொன்பது பேர் இறந்தார்கள். முதல் வாரமே ஒரு தப்பு நடந்தது. ஏதோ ஒரு கடைச் செயலியின் அச்சை எடுத்து அப்ரா மாற்றி எழுதியிருந்ததால், சாவுச் சேதியைப் படித்து முடித்து வெளியே வந்தால் ‘நன்றி! மீண்டும் வருக!’ என்று வந்தது. துட்டி வீட்டில் போயிட்டு வாரேன் என்றே சொல்லக் கூடாது, வாய் பேசாமல் எழுந்து வர வேண்டும். இதுவோ மறுபடி வேறு கூப்பிடுகிறது. சிவகிரியிலிருந்து ஒரு அண்ணாச்சி போனில் வந்து, ஜெயசித்ராவின் மூன்று தலைமுறையையும் இழுத்துப் பேசிவிட்டுத்தான் வைத்தார்.

அதைத் திருத்தியாயிற்று. அடுத்து வந்த புகார்களைத் திருத்த முடியவில்லை. ஒரு அம்மாள் தன் தம்பி பொண்டாட்டி சேதியை 9.42-க்குப் பார்த்துவிட்டு வராமல் இருந்ததைக் கண்டுபிடித்து, தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். ஒரு மாமனும் மருமகனும் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். “உன் செயலி வரதுக்கு முன்னால எல்லாரும் நல்லாத்தான இருந்தோம்” என்று ஒருவர் கேட்டார். ஜெயசித்ரா இவை எல்லாவற்றையும் ‘பயனர் ஈடுபாடு’ என்ற தலைப்பில் எழுதி வைத்துக்கொண்டாள்.

கல்லூரியில் ஆடிக் கடைசியில் புத்தொழில் போட்டி அறிவித்தார்கள். முதல் பரிசு வாங்குகிறவர்களைத் திருநெல்வேலியிலிருந்து வருகிற முதலீட்டாளர் ஆறு மாதம் தன் அலுவலகத்தில் வைத்துச் சோறு போட்டுத் தொழிலை வளர்ப்பார். பெற்றோரையும் அழைத்து வரலாம் என்று அறிக்கையில் போட்டிருந்தது. ஜெயசித்ரா அந்த வரியைத்தான் இரண்டு தரம் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திருவேங்கடத்துக்கு டவுன் பஸ் ஏறினாள். பெரியப்பா களத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். “நல்லா வளந்துட்டட்டி” என்றார். போட்டி விவரத்தை எல்லாம் கேட்டுவிட்டு, “உங்கப்பன் வாரானா?” என்றார்.

“இல்ல பெரியப்பா. தறிய விட்டுட்டு அவுக எங்க வர?”

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். “அவரு வாராராட்டி?”

“இல்லப்பா. உளுந்து காயுதாம்.”

அம்மா சங்கரேஸ்வரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “மேடையில ஏறி வீட்டுக் கதையெல்லாம் பேசாத, ஆமா” என்றாள். ஏன் என்று ஜெயசித்ரா கேட்டதற்கு, குழம்பு கொதிக்கிறது என்று பதில் வந்தது.

போட்டி நாளில் கல்லூரிக் கலையரங்கில் மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் திருநெல்வேலி முதலீட்டாளர். இன்னொருவர் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், மேசை நாற்காலி எல்லாம் அவர் மண்டபத்திலிருந்து வந்ததால் அவரை விட முடியவில்லை. மூன்றாமவர் ஆவுடையப்பன், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நுணுக்கமாகக் கேட்பார் என்று துறைத்தலைவர் அறிமுகப்படுத்தினார். அவர் நுணுக்கமாகத் தலையாட்டினார்.

அப்பாவும் அம்மாவும் கடைசி வரிசை. பெரியப்பா வெள்ளைச் சட்டையும் மஞ்சப்பையுமாக மூன்றாவது வரிசை. உள்ளே வரும்போதே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அப்பா எழுந்திருக்கப் பார்த்தார், அம்மா வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள். பெரியப்பா தலைக்கு மேல் ஓடுகிற மின்விசிறியை விலைக்கு வாங்கப் போகிறவர்போலப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜெயசித்ரா மைக்கைப் பிடித்தாள். சந்தை அளவு, விளம்பர வருமானம், ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவர்கள், மாலைக்கடைக்காரர்கள் எல்லாவற்றையும் திரையில் காட்டினாள்.

“வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவாங்களா?” என்று முதலீட்டாளர் கேட்டார்.

“செத்தவங்க வரமாட்டாங்க சார். சொந்தக்காரங்க வருவாங்க” என்றாள். அரங்கம் கைதட்டியது. அதில் கொஞ்சம் தைரியம் வந்து, கடைசிப் படத்தைப் போட்டாள். ஒரு தறியின் படம், அதன் மேல் ஒரு போன்.

“இது எங்க குடும்பத்துல நடந்தது. 2016 ஜூன் பதினொண்ணு, சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு எங்க பெரியம்மா இறந்த சேதி எங்க அப்பாவுக்குப் போன்ல வந்துச்சு. அப்பா தறி ஓட்டிக்கிட்டு இருந்தாக. நாலு தறிச் சத்தத்துல போன் அடிச்சது கேக்கல. வேற எந்தத் தப்பும் இல்ல சார். ஒரு சேதி சேராததால அண்ணன் தம்பி ஒம்பது வருசமா பேசல. ‘சொல்லியாச்சு’ அன்னைக்கு இருந்திருந்தா எங்க அப்பா முத ஆளாப் போய் நின்னுருப்பாக.”

சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவள் ஒத்திகையில் இதைப் பன்னிரண்டு தடவை சொல்லியிருந்தாள், அப்போதெல்லாம் உடையவில்லை. கல்யாண மண்டபக்காரர் கைக்குட்டையை எடுத்தார்.

ஆவுடையப்பன் மட்டும் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். “என்ன தேதிம்மா சொன்ன?”

“ஜூன் பதினொண்ணு சார்.”

“2016-ல நாந்தான் இங்கன கரண்ட் ஆபீஸ் ஏ.இ. அன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்பு, டவுன் பூரா ஷட்டவுன். காலையில ஒம்பது மணிக்கு நிறுத்தி சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் விட்டோம். எம்மவளுக்கு அன்னைக்குத்தான் நிச்சயதார்த்தம், வீட்டுல ஃபேன் சுத்தலன்னு சம்பந்தி வீட்டாளுகளே என்னைய ஏசுனாக. அதனால மறக்கல.” பேனாவை வைத்தார். “கரண்டே இல்லியேம்மா. தறி எப்படி ஓடிச்சு?”

அவர் மேல் குற்றமில்லை. நுணுக்கமாகக் கேட்பதற்குத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஜெயசித்ரா கடைசி வரிசையைப் பார்த்தாள். அப்பா தலையைத் தொங்கப்போட்டுச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றோ, தேதி தப்பு என்றோ அவர் எழுந்து சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அப்பாவைக் காப்பாற்ற மேடை போட்டு, அப்பாவையே ஏற்றி நிறுத்தியாயிற்று.

“தறி ஓடிச்சு சார்.”

மூன்றாவது வரிசையிலிருந்து குரல் வந்தது. பெரியப்பா எழுந்து நின்றிருந்தார். மஞ்சப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

“நீங்க யாரு?” என்றார் ஆவுடையப்பன்.

“போன் போட்டவன். செத்தது எம் பொஞ்சாதி.”

கல்யாண மண்டபக்காரர் மறுபடி கைக்குட்டையை எடுத்தார். பெரியப்பா நிறுத்தவில்லை.

“நாந்தான் அன்னைக்குக் கூப்பிட்டேன். யாரோ வேலக்காரப் பய எடுத்து வச்சுட்டுப் போயிட்டான் போல. தறிச் சத்தம் காதப் பொளந்துச்சு. நான் கத்துதேன், கத்துதேன், ஒண்ணும் கேக்கல. எந்தம்பிக்கு எப்படிக் கேக்கும்?”

“கரண்ட் இல்லீங்களே அண்ணாச்சி.”

“ஜெனரேட்டர் போட்டிருப்பான்.”

“நாலு தறிக்கு ஜெனரேட்டரா? கட்டுப்படியாகாதே.”

“கட்டுப்படியாகாதுதான். அவன் அப்பிடித்தான் சார், தொழில்னா வெறி” என்றார் பெரியப்பா. சொல்லிவிட்டு உட்கார்ந்து, மறுபடி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆவுடையப்பன் அவரையும் கடைசி வரிசையையும் பார்த்தார். பிறகு, “இருக்கும். இருக்கும்” என்று எதையோ எழுதிக்கொண்டார்.

ஜெயசித்ராவின் வீட்டில் ஜெனரேட்டர் இருந்ததில்லை. கரண்ட் போனால் மெழுகுவத்தி தேடுவார்கள், அதுவும் கிடைக்காது. தறிக்கூடத்தில் வேலைக்காரப் பயலும் இருந்ததில்லை. பெரியப்பாவுக்கும் இது தெரியும். தெரிந்தே முன்னூறு பேர் முன்னால் எழுந்து நின்று புளுகினார். அவளுக்கு மேடையிலேயே கண் நிறைந்துவிட்டது.

முதலீட்டாளர் மைக்கை இழுத்தார். அவருக்கு இந்தத் தறி விவகாரத்தில் ருசியில்லை. “யார் எத்தன மணிக்குப் பாத்தாங்கன்னு காட்டுதுல்ல, அதுதாம்மா உங்க பலம். அதக் காசு கட்டினவங்களுக்கு மட்டும் காட்டுங்க. நல்லா ஓடும்.”

“அத எடுத்துறப் போறோம் சார்” என்றாள் ஜெயசித்ரா.

ஓரத்தில் மடிக்கணினியோடு நின்ற அப்ரா நிமிர்ந்து பார்த்தாள்.

“எடுத்துட்டா அப்புறம் இதுல என்ன இருக்கு? வாட்ஸாப்ல ஒரு மெசேஜ் போட்டாப் போதுமே” என்றார் முதலீட்டாளர்.

“போதும் சார்” என்று ஒத்துக்கொண்டாள். பரிசு அந்த இடத்தில் கை நழுவியது அவளுக்கே தெரிந்தது. அடுத்துப் பேச வந்தவன் செயற்கை நுண்ணறிவால் பூ விலை சொல்கிறவன். அவனுக்குத்தான் பிறகு கிடைத்தது.

முடிவு அறிவித்ததும் மேடை ஓரத்திலிருந்து நேரே கடைசி வரிசைக்குப் போனாள். அப்பா இருந்த நாற்காலி காலி. அம்மா மட்டும் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்ததும் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“போன உங்கப்பாதான் எடுத்தாக. நானும் பக்கத்துலதான் நின்னேன். ‘ஒன் மதினி போயிட்டாளே’ன்னு உங்க பெரியப்பா அழுதது எனக்கே கேட்டுச்சு. இவுக ஒரு வார்த்த பேசாம கட் பண்ணிட்டாக.”

“ஏம்மா?”

“அதுக்கு ஒம்பது நாளைக்கு முந்தி அவுக புது வீட்டுப் பால்காய்ப்பு. கூட்டத்துல உங்க பெரியம்மா இவுகள ரெண்டாம் பந்தியில உக்காரச் சொல்லிட்டாக. தம்பிய மொத பந்தியில வைக்கலன்னு இவுகளுக்குக் கோவம். ‘நீ செத்தாலும் இந்த வாசல மிதிக்க மாட்டேன்’னு பெரியம்மா மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்தாக. வாய் வார்த்ததான. அவுக நெசமாவே செத்துட்டாக. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறதுன்னு ஓடாத தறிகிட்ட உக்காந்து பொழுதடைய அழுதாக. ஊரு கேட்டதுக்குத் தறிச் சத்தம்னு நாந்தான் சொன்னேன்.” அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “பேசாதன்னு சொன்னேன்லட்டி.”

ஜெயசித்ரா வெளியே ஓடினாள். சைக்கிள் நிறுத்துகிற வேப்பமரத்தடியில் அப்பா நின்றிருந்தார். அவருக்கு இரண்டடி தள்ளிப் பெரியப்பா. இரண்டு பேரும் ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே” என்றார் அப்பா. ஒன்பது வருசமாகச் சொல்லாத சொல். “அன்னைக்கு நான் போன…”

“ஜெனரேட்டர் ஓடிச்சு” என்றார் பெரியப்பா.

“இல்லண்ணே, ஒங்கிட்ட சொல்லணும். நாந்தான் எடுத்து…”

“சொல்லாதலே!” பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். “எனக்கு எல்லாம் தெரியும். ஆனா நீ ஒன் வாயால சொல்லிட்டன்னா நான் காதால கேட்டவனாயிருவேன். கேட்டுட்டு ஒன்ன எப்படில மணையில உக்கார வைப்பேன்? செத்தவளுக்கு என்ன பதில் சொல்லுவேன்?”



பெரியப்பா மஞ்சப்பைக்குள் கையை விட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்தார். இன்றைக்கு எடுத்ததாகத் தெரியவில்லை. ஓரமெல்லாம் மடங்கிப்போயிருந்தது. பையிலேயே பல நாள் கிடந்திருக்க வேண்டும்.

“ஆவணி இருவத்தஞ்சு. நீயும் சங்கரேஸ்வரியும்தான் அனுவத் தாரை வாத்துக் குடுக்கணும். வீட்டுக்கு வந்து வெத்தல பாக்கோட மொறையா வைக்கணும்தான். இங்கனயே கண்டுட்டேன். வாங்கிக்க.”

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியவர் அப்படியே மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, பத்திரிகையை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். துட்டி வீட்டில் அழுகிற அழுகை. கலையரங்க வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயசித்ரா பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் முதுகைத் தடவினாள். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அழுகைச் சத்தம் கேட்டுத் துறைத்தலைவர் வேகமாக வந்தார். முடிவு அறிவித்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

“சார், எந்திரிங்க சார். இதுக்குப் போய் இப்படியா? போட்டின்னா வெற்றி தோல்வி சகஜம். உங்க பொண்ணு நல்லாத்தான் பண்ணுச்சு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

அப்பா அழுதுகொண்டே தலையாட்டினார்.

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு துறைத்தலைவரைத் தள்ளி அழைத்துப்போனார். “ஒண்ணும் நெனச்சுக்காதிய சார்” என்றார். “அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே தோல்வி தாங்காது.”